அப்பாவின் லினக்ஸ் கணினிக்கு இங்கிருந்து உதவ எந்த மென்பொருள்?

"பிள்ளை, ஏதோ ஒரு பெட்டி வந்து நிக்குது. ஓம் எண்டு அமத்தவோ, வேண்டாம் எண்டு அமத்தவோ?"

இந்தக் கேள்வி வராத வீடு நம்மவர்களில் குறைவு. எங்கட அப்பாவும் அம்மாவும் கார்த்திகையில் யாழ்ப்பாணம் போனால் சித்திரை வருஷம் கழித்துத்தான் ரொறொன்ரோ திரும்புவார்கள். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். நான் பிள்ளைகளைப் படுக்க விட்டுட்டு இரவு 8.30க்கு வந்து இருந்தால் அங்கே காலை 7 மணி. அந்த அரை மணி நேரத்துக்குள் பிரச்சினை தீர வேணும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. அப்பாவின் பழைய மடிக்கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. எறிய மனமில்லை, லினக்ஸ் மின்ட் போட்டோம். மின்னஞ்சல், பத்திரிகை, வங்கி, யூடியூப் எல்லாம் நன்றாக ஓடுது. ஆனால் அவருடைய திரையை இங்கிருந்து பார்த்து உதவ எதைப் போடுவது என்று தேடியபோதுதான், லினக்ஸில் அதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேணும் என்று விளங்கியது.

முதலாவது, திரையை வரைவது எது என்பது. பழைய முறை எக்ஸ்11. அதில் எந்த மென்பொருளும் முழுத் திரையையும் பார்க்கலாம். புதிய முறை வேலண்ட். அதில் பாவிக்கிறவர் அனுமதி கொடுக்காமல் ஒரு மென்பொருள் திரையைப் பார்க்க முடியாது. பாதுகாப்புக்கு நல்லது, நமக்குத்தான் கரைச்சல்: சில மென்பொருள்கள் கறுத்த திரையைக் காட்டும், சில ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும். உபுண்டு 2021இலிருந்தே பெரும்பாலும் வேலண்டுக்கு மாறிவிட்டது. மின்டின் சினமன் பதிப்பு இன்னும் எக்ஸ்11இல்தான் தொடங்கும். உங்களுடையது உபுண்டு என்றால் செட்டிங்ஸில் 'எபௌட்' பக்கத்துக்குப் போய், 'விண்டோயிங் சிஸ்டம்' என்ற வரியைப் பாருங்கள்.

இரண்டாவது, உங்களுக்குத் தெரிவது அவருடைய திரையா, வேறொரு திரையா என்பது. குரோம் ரிமோட் டெஸ்க்டொப்பை நிரந்தர இணைப்பாகப் போட்டால், லினக்ஸில் அது வழக்கமாகத் தனியாக ஒரு திரையைத் திறந்து தரும். எக்ஸ்ஆர்டிபியும் அப்படித்தான். வீட்டிலிருந்து தன் அலுவலகக் கணினியில் வேலை செய்கிறவருக்கு அது போதும். அப்பாவுக்கு முன்னால் நிற்கிற அந்தப் பெட்டியை நான் பார்க்கவே முடியாது.

விஎன்சி அதே திரையைக் காட்டும். ஆனால் பல விஎன்சி மென்பொருள்கள் தாமாக மறையாக்கம் செய்வதில்லை. அதற்காக வீட்டு ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடுவது, முன்கதவைப் பூட்டாமல் கோயிலுக்குப் போறது மாதிரி. திறந்தாலும் பல இடங்களில் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து உங்கள் வீட்டைப் பிடிக்க முடியாது. டெய்ல்ஸ்கேல் போன்ற ஒன்று இரண்டு கணினிகளுக்கும் இடையே தனிப்பாதை போட்டுத் தரும். தனிநபர் பாவனைக்கு அது இலவசம்.

டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டும் ஜெர்மன் நிறுவனங்களுடையவை, லினக்ஸுக்கும் வருகின்றன. இலவசமாகப் பாவிக்கலாம், ஆனால் எது சொந்தப் பாவனை, எது வியாபாரம் என்று முடிவெடுப்பது அவர்கள். தங்கள் சேவையகங்களுக்குள் ஆட்கள் ஊடுருவியதை எனிடெஸ்க் 2024 பெப்ரவரியில் அறிவித்தது. ரஸ்ட்டெஸ்க் திறந்த மூல மென்பொருள். விரும்பினால் இணைப்புச் சேவையகத்தையும் நாமே நடத்தலாம். எக்ஸ்11இல் ஒழுங்காக வேலை செய்யும். வேலண்டில் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை.

நான் ரஸ்ட்டெஸ்க்கைத் தெரிவு செய்ததற்கு முக்கிய காரணம் இவை எதுவும் இல்லை. "மைக்ரோசொஃப்டிலிருந்து கதைக்கிறம், உங்கள் கணினியில வைரஸ்" என்று வரும் அழைப்புகளை யோசித்துப் பாருங்கள். அவர்கள் போடச் சொல்வதும் நாம் போடுகிற இதே வகை மென்பொருள்தான். இந்திய ரிசர்வ் வங்கி 2019 பெப்ரவரியிலேயே எனிடெஸ்க்கைக் காட்டி இப்படியான பண மோசடி பற்றி எச்சரித்தது. எல்லாவற்றிலும் நடைமுறை ஒன்று: திரையில் ஒரு எண் வரும், அதைப் போனில் வாசியுங்கோ. கிழமைக்கு ஒருக்கால் மகளுக்கு எண் வாசித்துப் பழகிய மனிதர், அன்பாக "ஐயா" என்று கூப்பிடும் இன்னொரு குரலுக்கும் வாசிப்பார்.

அதனால் அப்பா எனக்கு எந்த எண்ணும் வாசிக்கத் தேவையில்லாதபடி அமைத்தேன். ரஸ்ட்டெஸ்க்கில் அவருடைய அடையாள எண் மாறாது, அது என்னிடம் சேமித்திருக்கு. கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்தி, அவர் சொடுக்கி அனுமதித்தால் மட்டும் திறக்கும்படி வைத்தேன். முதலில் வட்ஸ்அப் வீடியோவில் என் முகத்தைக் காண்பார், பிறகு அனுமதிப்பார். எண் கேட்கிறவர் யாராக இருந்தாலும், மகள் என்று சொன்னாலும், போனை வைக்க வேணும். இது வீட்டுச் சட்டம்.

நிரந்தரக் கடவுச்சொல் போட்டிருந்தால் எனக்கு வேலை லேசு. அம்மாவும் அதைத்தான் சொன்னா: "கேட்டுக்கொண்டிருக்காமல் நீயே வந்து செய்யன்." அப்பா சம்மதிக்கவில்லை. "நான் வங்கி பாக்கேக்க நீ வந்து நிக்கக்கூடாது." நியாயம்தானே? நம்முடைய பதின்வயதுப் பிள்ளையின் போனைத் திறக்கவே இரண்டு தரம் யோசிக்கிறோம். எழுபத்து நாலு வயது மனிதரின் கணினி அவருடையது. திரை உறைந்து, அவரால் சொடுக்கவே முடியாத நாளில் நான் கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பேன். பக்கத்து வளவில் இருக்கும் மச்சான்தான் போய் நிற்பாத்தித் திருப்பிப் போடுவார்.

அப்டேட்களுக்குத் திரை தேவையில்லை. டெய்ல்ஸ்கேல் பாதையில் எஸ்எஸ்எச் வழியாக எழுத்துக் கட்டளைகள் கொடுத்தால் போதும், ஊரில் இணையம் இழுபடுகிற நாளிலும் போகும். அந்த வழியால் அவருடைய கோப்புகளையும் நான் பார்க்க முடியும் என்பதை அப்பாவிடம் மறைக்கவில்லை. மாசத்தில் ஒரு ஞாயிறு, சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

இப்போது அரைவாசி உதவியைப் பதினொரு வயது மகளே செய்கிறாள். "அம்மப்பா, வலப்பக்கம் மேல அமத்துங்கோ" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு இடம் வலம் தமிழில் பிடிபட்டுவிட்டது.

எதைப் போட்டாலும், அவர்கள் விமானம் ஏறமுதல் இங்கேயே போட்டுவிடுங்கள். சோதிக்கும்போது இரண்டு கணினியும் ஒரே வைஃபையில் இருக்கக்கூடாது. அவர்களுடையதை போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து, நீங்கள் மற்ற அறையிலிருந்து முயன்று பாருங்கள். அனுமதிப் பெட்டியை அவர்களே நாலைந்து முறை சொடுக்கட்டும், "வேண்டாம்" என்பதையும் இரண்டு முறை.