உங்களுக்குத் தெரியுமா? ஜூரியைத் தேர்வது எதிரியே!

பருத்தித்துறைக்காரர் ஒருவர் கொலைக் குற்றச்சாட்டில் மேல் நீதிமன்றம் போனால், நீதிபதி மட்டும் விசாரிப்பதா, ஜூரி சபையும் வேண்டுமா என்று அவரே தீர்மானிக்கலாம். தமிழ் ஜூரியா, சிங்களமா, ஆங்கிலமா என்பதும் அவர் விருப்பமே!

• ஜூரர்கள் ஏழு பேர். சாதாரண சனத்தில் ஐந்து பேராவது நம்பினால்தான் குற்றவாளி. எதிரிக்கு இது பெருங்காப்பு.

• 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட யாழ். எம்.பி. நடராஜா ரவிராஜ் வழக்கில் கடற்படை எதிரிகள் கேட்டது சிங்கள ஜூரி. குடும்பத்தின் சார்பிலான ஆட்சேபம் எடுபடவில்லை. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டி ஐந்து எதிரிகளும் விடுதலை. கொல்லப்பட்டவர் பக்கத்துக்கு இந்தத் தேர்வில் இடமே இல்லாதது பெருங்குறை.

• இந்தியாவிலோ 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி விசாரணை போய்விட்டது.