இடைவெளியும் ஓர் எழுத்தே: சி மொழி நிரலில் உள்ளீட்டை வாசித்தல்

ஈப்போவில் கணினிக் கல்வி பயிலும் உறவினர் மகள் ஒருத்தி, பழைய ரப்பர்த் தோட்டத்துப் பெயர்ப்பதிவேட்டைப் பின்பற்றிச் சி மொழியில் பயிற்சி நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். நிரல் முதலில் தொழிலாளியின் எண்ணைக் கேட்கும். பின்னர் அவர் வேலைக்கு வந்தாரா என்பதற்கு ஓரெழுத்து விடையைக் கேட்கும். எண்ணைத் தட்டி 'எண்டர்' விசையை அழுத்தியதும், இரண்டாம் வினாவுக்கு விடை அளிக்குமுன்னரே நிரல் முடிந்துவிட்டது. தன் அறிவில்தான் குறை என்று அவள் கலங்கினாள். இடைவெளியை 'ஒன்றுமில்லாதது' என்று நாம் எண்ணிப் பழகியதே அக்குறைக்குக் காரணம் என்பதை இவ்வுரை விளக்குகிறது.

மனிதக் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றுவது கணினிக்கு வெறுமையன்று. ஆஸ்கி அட்டவணையில் சொல்லிடைவெளிக்கு 32, 'டேப்' விசைக்கு 9, புதுவரிக்கு 10 என்று எண்கள் உள்ளன. 'எண்டர்' விசையை அழுத்தும்போது நிரலுக்குப் புதுவரிக் குறியும் சென்று சேர்கிறது. தட்டியவை யாவும் 'இடையகம்' என்னும் காத்திருப்பிடத்தில் வரிசையாக நிற்க, நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது.

உள்ளீட்டை வாசிக்கும் 'ஸ்கேன்எஃப்' என்னும் செயற்கூறின் குறியீடுகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன். எண்ணை வாசிக்கும் '%டி', சொல்லை வாசிக்கும் '%எஸ்' ஆகிய இரண்டும் முன்னே நிற்கும் இடைவெளிகளைத் தாண்டிச் செல்லும். ஓர் எழுத்தை வாசிக்கும் '%சி' அவ்வாறு தாண்டாது. வரிசையில் அடுத்து நிற்பது எதுவாயினும் அதையே எடுத்துக்கொள்ளும். '%டி' எண்ணை வாசித்து, புதுவரிக் குறியை அங்கேயே விட்டுச்சென்றது. '%சி' அப்புதுவரியையே விடையாக ஏற்றது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்ட கிராணி, ஒருவரின் இருமலை 'வந்தேன்' என்னும் விடையாகக் கொண்டிருக்கமாட்டார். '%சி'க்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதற்குத் தீர்வு எளிது. '%சி'க்கு முன், மேற்கோள் குறிக்குள்ளேயே ஓர் இடைவெளி விட்டு எழுதவேண்டும். அவ்விடைவெளி, 'இங்கு எத்தனை இடைவெளிகள் இருப்பினும், இல்லாவிடினும், அவற்றைக் கடந்து செல்க' என்னும் ஆணையாகும். அதனை '%டி'க்குப் பின் இட்டால், இடைவெளியல்லாத வேறொன்று வரும்வரை நிரல் காத்துக்கிடக்கும். 'எஃப்ஃப்ளஷ்' கொண்டு உள்ளீட்டைத் துடைக்கலாம் என்று சிலர் கற்பிப்பர். சி மொழியின் தரவரையறை அதனை உள்ளீட்டுக்கு வரையறுக்கவில்லை.

இனிப் பெயருக்கு வருவோம். நம் நாட்டில் இந்தியர் பெயர்களில் தந்தையின் பெயரும் இணைந்தே நிற்கிறது. அலுவல் ஆவணங்களில் 'ஏ/எல்', 'ஏ/பி' எனவும், தமிழில் 'த/பெ' எனவும் எழுதுகிறோம். 'மாரியம்மாள் த/பெ சின்னப்பன்' என்று தட்டினால், '%எஸ்' முதல் இடைவெளியிலேயே நின்று 'மாரியம்மாள்' என்பதை மட்டுமே கொள்ளும். அடுத்து வயதைக் கேட்கும் '%டி', எண்ணை எதிர்பார்த்து 'த/பெ' என்பதைக் கண்டு தோற்கும். தந்தையின் பெயர் உதிர்வதோடு வயதும் பதிவாகாது போகிறது. எனவே பெயரை 'எஃப்கெட்ஸ்' கொண்டு முழு வரியாக வாசித்து, இறுதியில் நிற்கும் புதுவரிக் குறியை நீக்குவதே முறை.

'எஃப்கெட்ஸ்' கேட்கும் இடஅளவில் தமிழுக்கு மற்றொரு கவனமும் வேண்டும். தொல்காப்பியர் வகுத்த எழுத்தும் சி மொழியின் 'கேரக்டர்' என்பதும் ஒன்றல்ல. பின்னது ஒரு பைட் மட்டுமே. இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்ளும். 'மாரியம்மாள்' நமக்கு 6 எழுத்து. கால், கொக்கி, புள்ளிகளையும் தனித்தனியே எண்ண 11 குறிகள். ஆகவே 33 பைட். இருபது பைட் மட்டும் ஒதுக்கினால் பெயர் நடுவில் முறிவதோடு, ஒரு குறியே சிதைந்தும் போகும். '%சி' கொண்டு ஒரு தமிழ் எழுத்தை முழுமையாக வாசிக்கவும் இயலாது.

எங்கே ஒரு சொல் முடிகிறது என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடும் வழக்கம் இல்லை. மெய்களுக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 'பலகைகள்' என்று தொடர்ந்து நிற்பின், அது மரப்பலகைகளா, 'பல கைகள்' என்னும் தொடரா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கித் தெளியவேண்டும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர் இத்தகைய ஏடுகளிலிருந்தே நூல்களை மீட்டனர். அவர்கள் இலக்கண அறிவாலும் பொருளுணர்வாலும் சொல்லின் எல்லையைக் கண்டனர். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. இடைவெளியை எவ்வாறு கொள்வது என்பதை நிரலர்தான் சொல்லவேண்டும்.

பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. அங்கு உழைத்தோரின் வழித்தோன்றல்கள் பள்ளியிலும் மருத்துவமனையிலும் வங்கியிலும் தம் பெயரைக் கணினியிடமே அளிக்கின்றனர். ஆதலின் நிரல் எழுதக் கற்கும் நம் பிள்ளைகள், ஒற்றைச் சொற்பெயரைக் கொண்டு மட்டும் தம் நிரலைச் சோதித்து நிறைவடையலாகாது. தம் பாட்டியின் முழுப்பெயரை, அதன் இடைவெளிகளோடும் தந்தை பெயரோடும் தட்டிப் பார்க்கட்டும். அது முழுமையாகத் திரும்பி வருமாயின், நிரல் அப்பெயரைச் சரியாக வாசித்தது எனக் கொள்ளலாம்.