குளத்துக்கு வாக்கெடுப்பு

ஆவணி, புரட்டாதியில் எடுத்த செய்மதிப் படத்தில் வன்னியின் புளியங்குளம் பக்கத்துச் சிறு குளங்களைத் தேடிப் பாருங்கள். பலது குளமாகவே தெரியாது. நீர் வற்றி, புல் முளைத்து, வெறும் தரவை போலக் கிடக்கும். குளக்கட்டின் வளைவைக் கண்டதும் ஊரவர் பிடித்துவிடுவார். ஐரோப்பாவில் இருந்து வரைபடம் வரைபவருக்கு அது புல்வெளிதான். மார்கழியில் அதே குளம் வான் பாயும்.

யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கினார். அதில் ஒருவர் குளத்தைப் புல்வெளி என்று வரைந்துவிட்டால்? நாலுபேரிடம் வாக்குக் கேட்டு முடிக்கலாமே என்று தோன்றும்.

1785இல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே இதற்குக் கணக்குப் போட்டிருக்கிறார். ஒவ்வொருவரும் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு இருந்தால், மூவரின் பெரும்பான்மை முடிவு சரியாவதற்கு 65 சதவீதம். 11 பேரானால் 75. ஆளுக்கு 40 சதவீதம்தான் என்றால், கூட்டம் கூடக்கூடப் பிழைதான் வலுக்கும்: 11 பேர் சேர்ந்தால் 25 சதவீதம். இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டும். ஒரே கோடைப் படத்தைப் பார்த்து 11 பேர் கையை உயர்த்தினால், அதை 11 வாக்கு என்று எண்ணுவதில் அர்த்தமில்லை.

எங்கே என்ன இருக்கிறது என்பதை ஓபன் ஸ்ட்ரீட் மேப் வாக்குக்கு விடுவதில்லை. நேரில் போய்ப் பார்த்தால் தெரிவதே செல்லும். வாக்கெடுப்பு வேறு வேலைக்கு: புதிய வகைப் பொருளை எந்தக் குறிச்சொல்லால் பதிவது என்பதற்கு. இரண்டு வார விவாதம், இரண்டு வார வாக்களிப்பு, குறைந்தது 8 ஆதரவு, 75 சதவீத ஒப்புதல். பருவத்தில் வற்றும் நீர்நிலைக்கும் ஒரு குறிச்சொல் இருக்கிறது, வன்னிக் குளங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல.

பிழையைத் திருத்த உதவுவது பின்னூட்டம். வரைபடத்தில் குறிப்பு இடும் வசதி 2013இலும், ஒருவரின் திருத்தத்தின் கீழேயே கருத்து எழுதும் வசதி 2014இலும் வந்தன. கருத்து எழுதினால் வரைந்தவருக்கு மின்னஞ்சல் போகும். "இது அலைகரை, மாரியில் தண்ணீர் நிற்கும்" என்ற ஒரு வரி பத்து வாக்கைவிடப் பெறுமதி என்பேன்.

தண்டவாளமும் இப்படித்தான். போரில் அழிந்த பாதையில், ஓமந்தைக்கும் கிளிநொச்சிக்கும் இடையே 2013 செப்டெம்பர் 14இல் ரயில் மீண்டும் ஓடியது. அதற்குச் சில வருடம் முந்திய படத்தை நம்பி யாரும் பாதையை அழித்தால், புளியங்குளம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர்தான் தடுக்க வேண்டும்.

பயனர்கள் தலையாட்டினால் போதும் என்று விட்டால் என்ன ஆகும்? கூகுளின் வரைபடத்தைப் பயனர்கள் திருத்த உதவிய மேப் மேக்கரில் பயனர்களே மற்றவர் திருத்தங்களை அங்கீகரித்தார்கள். 2015இல் ராவல்பிண்டி அருகே அப்பிள் சின்னத்தின் மீது ஆண்ட்ராய்டு பொம்மை சிறுநீர் கழிக்கும் படம் அப்படியே வெளிவந்து மானம் போனது. 2017 மார்ச்சில் மேப் மேக்கரையே மூடிவிட்டார்கள்.

இதற்கு மாறாக, மட்டக்களப்பு மண்முனை வடக்கில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் 2012–13 அளவில் சேர்ந்து செய்த வேலை எனக்குப் பிடித்தது. கட்டடங்களைப் படத்தைப் பார்த்து வரைந்ததோடு விடாமல், சுவர் எதனால் ஆனது, எத்தனை மாடி என்று நேரில் போய்ப் பார்த்தும் நிரப்பினார்கள். வன்னியில் அப்படியொன்று செய்வதானால் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. குளங்கள் நிரம்பியிருக்கும், உள்வீதிகளும் காயத் தொடங்கியிருக்கும்.