டேஷ்போர்டை ரீஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்கீங்களா? கோமுகி அணையைக் கொஞ்சம் கவனிங்க!

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறுறீங்க. வெள்ளிமலை நெருங்க நெருங்க, சில வளைவுகளில் சிக்னல் போய்விடும். பெரியார் அருவியில் குளிக்க வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஆனாலும் கை, ஆபீஸ் டேஷ்போர்டைத் தேடுது. சேல்ஸ் ஏறுச்சா? எத்தனை டிக்கெட் பெண்டிங்? நேத்து போட்ட செய்திக்கு எவ்வளவு வியூஸ்? (கடைசிக் கேள்வி எங்க டெஸ்க்கோடது!)

பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்று தெரியும். அப்புறம் ஏன் பார்க்கிறோம்?

நிம்மதி ஏன் நிலைக்கல?

எண்ணைப் பார்த்ததும் பதற்றம் சட்டென்று குறையும். சிக்கலே அந்தச் சின்ன நிம்மதிதான். 'பதற்றமா? போய்ப் பார்' என்று மூளை பழகிவிடுகிறது.

நெதர்லாந்து உளவியலாளர்கள் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினித் திரையில் இருக்கும் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுச் சரிபார்க்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பங்கேற்றவர்களின் நினைவு தப்பவில்லை. ஆனால், அந்த நினைவு மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை குறைந்துவிட்டது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் வளரும்.

அணையில் எப்படி?

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. மலையில் பெய்யும் மழைதான் அதற்கு நீர்வரத்து. அந்த மழைக்கும் கணக்கு இருக்கு: காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்தது, ஒரு நாள் மழையளவு. அணை நிரம்பும் நிலைக்கு வந்தால் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை, அப்புறம் உபரிநீர் திறப்பு.

அதாவது, எண்ணைப் பார்க்க ஒரு நேரம், பார்த்தபின் செய்ய ஒரு வேலை. நம்ம டேஷ்போர்டுக்குப் பெரும்பாலும் இரண்டுமே கிடையாது.

என்ன செய்யலாம்?

* நேரம் குறிங்க: காலையில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை போதும். சர்வர் கண்காணிப்பே உங்க வேலைன்னா, அலர்ட் வெச்சுக்கோங்க.

* எல்லை எழுதுங்க: 'இந்த எண்ணுக்குக் கீழே போனா இதைச் செய்வேன்' என்று ஒரு வரி. செய்ய எதுவும் இல்லைன்னா, இப்போ பார்த்தும் பயனில்லை.

* 10 நிமிஷம் தள்ளிப்போடுங்க: பதற்றம் ஏறும், பார்க்காமலே இறங்கவும் செய்யும். அதை உடம்பு அனுபவித்துப் பழகணும். எண்ணச் சுழற்சி நோய்க்குத் தரப்படும் சிகிச்சையின் அடிப்படையும் இதுதான்.

* வேறு ஆளிடம் கேட்காதீங்க: பக்கத்து சீட்டில் 'எல்லாம் ஓகேதானே?' என்று நாலு தடவை கேட்பதும் அதே ரீஃப்ரெஷ்தான்.

தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் கெடும் அளவுக்குப் போனால் தனியாகச் சமாளிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை மலையில் சிக்னல் போனால் போனை உயர்த்திப் பிடிக்காதீங்க. முதல் 10 நிமிஷப் பயிற்சியை அங்கேயே தொடங்கிடலாம்.