சூபாக்காவின் மரணமும் இரசிகர்களின் வாதமும்

கதையில் வரும் ஒருவர் இறந்தால் கண்கலங்கும் வாசகர்கள் உண்டு. அந்த மரணத்தை எழுதிய ஆசிரியர் மீதே சினங்கொண்டு கடிதம் எழுதுபவர்களும் உண்டு என்பதை 1999ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு வெளிவந்த ‘வெக்டர் பிரைம்’ என்னும் ஆங்கில அறிவியல் புதினத்தில் சூபாக்கா இறந்துபோனான்.

யார் இந்தச் சூபாக்கா?

ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அவனை மறந்திருக்க மாட்டார்கள். ஏழடிக்கும் மேற்பட்ட உயரம். உடல் முழுதும் உரோமம். பேச்சுக்குப் பதிலாக உறுமல். விண்கலம் ஓட்டும் ஹான் சோலோவின் உற்ற தோழன். லூகாஸ் தாம் வளர்த்த நாயை மனத்தில் கொண்டே அவனைப் படைத்தார். நமக்குப் புரியும் சொல் ஒன்றுகூடப் பேசாமலேயே, விசுவாசத்தின் மறுபெயராக அவன் இரசிகர் நெஞ்சில் இடம்பிடித்தான்.

ஏன் இறக்க வேண்டும்?

ஒரு திரைப்படத்தின் உலகையும் மாந்தரையும் உரிமை பெற்று எடுத்துக்கொண்டு, வேறு எழுத்தாளர்கள் புதினம் எழுதுவது மேலைநாடுகளில் வழக்கம். 1991இல் டிமத்தி ஸான் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ பெருவெற்றி பெற்றபின் ஸ்டார் வார்ஸ் புதினங்கள் பெருகின. ஆனால், அவற்றில் ஒரு குறை இருந்தது. எத்தனை போர் மூண்டாலும் முதன்மை மாந்தர் கடைசிப் பக்கத்தில் நலமாகத் திரும்பிவிடுவர். முடிவு தெரிந்தபின் அச்சம் ஏது? அதை மாற்றவே, 19 புதினங்கள் கொண்ட புதிய வரிசையின் முதல் நூலிலேயே ஒருவரை இழக்கப் பதிப்பகத்தாரும் லூகாஸ் நிறுவனத்தாரும் முடிவு செய்தனர். எழுதும் பொறுப்பு ஆர்.ஏ. சால்வத்தோருக்கு வந்தது. பழியும் அவர் தலையிலேயே விழுந்தது.

கதைப்படி, படையெடுத்து வந்த பகைவர்கள் ஒரு கோளின் நிலவையே அதன்மீது விழச் செய்கின்றனர். மக்களைக் காக்கும் முயற்சியில், ஹானின் இளைய மகன் அனாக்கினைக் கலத்தில் ஏற்றிவிட்டுச் சூபாக்கா தரையில் சிக்கிக்கொள்கிறான். எஞ்சியவர்களைக் காப்பாற்ற, அந்த அனாக்கினே கலத்தை மேலெழுப்ப வேண்டியதாகிறது.

இரு தரப்பு

எத்தனையோ போர்களில் பிழைத்தவனைப் பரபரப்புக்காகக் கொன்றுவிட்டார்கள் என்றனர் ஒரு சாரார். பிறரைக் காத்து மடிந்ததே அவன் இயல்புக்கு ஏற்ற முடிவு என்றனர் மறுசாரார். மகனையே குற்றம் சாட்டித் துயரில் மூழ்கும் ஹானை அடுத்துவந்த நூல்களில் கண்டபோதுதான், எதற்கும் அசையாத வீரனும் ஒரு மனிதனே என்று உணர்ந்ததாக அவர்கள் வாதிட்டனர்.

இந்த வாதத்தை வெறும் இரசிகர் சச்சரவு என்று ஒதுக்கிவிட முடியாது. மரணம் கதையின் தேவையால் நேர்ந்ததா, விற்பனையின் தேவையால் நேர்ந்ததா? மாந்தரின் இயல்போடு முடிவு பொருந்துகிறதா? இலக்கியத் திறனாய்வு எழுப்பும் வினாக்கள் இவையே அல்லவா?

மீண்டும் உயிர்

லூகாஸ் நிறுவனத்தை டிஸ்னி 2012இல் வாங்கியது. 2014 ஏப்ரலில், பழைய புதினங்கள் இனி அதிகாரபூர்வக் கதையில் சேரா என்றும், ‘லெஜண்ட்ஸ்’ என்னும் தனிப்பெயரில் விற்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. ஓர் அறிவிப்பால் சூபாக்கா உயிர்பெற்றான். 2015இல் வந்த ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ திரைப்படத்திலோ, ஹான் இறக்கச் சூபாக்கா துயருற்றான். நூலில் நிகழ்ந்தது திரையில் தலைகீழானது.

அவன் பிழைத்ததால் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. பழைய கதையைத் தொடர்ந்து எழுதுங்கள் என்று இயக்கம் நடத்திய இரசிகர்களும் இருந்தனர். இதில் வியப்பில்லை. ஒரு மரணத்தை ஏற்க அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டு, வருந்தி, பழகியிருந்தனர். கதைமாந்தரின் உரிமை நிறுவனத்திடம் இருக்கலாம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்றும் அது அறிவிக்கலாம். ஆனால், படித்தவர் பட்ட துயரைப் படாததாக்க எந்த அறிவிப்பாலும் இயலாது.