அந்த வாக்குறுதி நமக்கும் உரியதா?

தேர்வு நெருங்கும் நாள்களில் நம்மில் பலருடைய பாடப் புத்தக அட்டைகளில் ஓர் இறைவசனம் இடம் பிடித்துவிடுகிறது. எரேமியா நூல், 29ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். கடவுள் நமக்கென வகுத்திருப்பது கேடு விளைக்கும் திட்டமன்று, நம்பிக்கையும் எதிர்காலமும் தரும் திட்டமே என்பது அதன் கருத்து.

தேர்ச்சி பெற்றவள், வாக்குறுதி நிறைவேறியது என்று மகிழ்கிறாள். தேறாதவளோ, "எனக்கு விசுவாசம் போதவில்லை போலும்" என்று மனம் உடைகிறாள். நோயுற்ற தாய்க்காக நவநாள் செய்தும் அவரை இழந்த சிறுமியும் இப்படியே தன்னை நொந்துகொள்கிறாள். எனவே இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று: விவிலிய வாக்குறுதிகள் இன்று நமக்கும் உரியவையா?

அவ்வசனம் முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது? கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைக் கைப்பற்றி, அரசனையும் தலைவர்களையும் கைவினைஞர்களையும் நாடு கடத்தினான். அவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதத்தில்தான் இவ்வார்த்தைகள் வருகின்றன. அக்காலத்தில் அனனியா என்பவன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவர் என்று கோவிலில் முழங்கினான். கேட்பதற்கு அது இனிமையாயிருந்தது. ஆனால் கடவுளின் வாக்காயிருக்கவில்லை. எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்றார். அதுவரை அங்கேயே வீடு கட்டவும், தோட்டம் போடவும், அந்நகரின் நலனுக்காக மன்றாடவும் சொன்னார்.

பாரசீக மன்னர் சைரசு கி.மு. 538இல் அவர்கள் திரும்பிச் செல்ல அனுமதி அளித்தபோது, கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் உயிருடன் இல்லை. ஆயினும் வாக்குறுதி பொய்க்கவில்லை. அது ஒரு மக்களினத்திற்குத் தரப்பட்டது. பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் நிறைவேறிற்று. அங்கே வரும் 'உங்களுக்கு' என்னும் சொல் ஒருவரை மதித்துச் சொல்லும் பன்மை அன்று. பலரைக் குறிக்கும் பன்மையே.

அப்படியானால் நமக்கு அதில் பங்கே இல்லையா? உண்டு. அதற்கு விவிலியமே வழி காட்டுகிறது. கானான் நாட்டைத் தருவதாகவும், ஒருபோதும் கைவிடுவதில்லை என்றும் கடவுள் யோசுவாவுக்கு வாக்களித்தார். எபிரேயர் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம், 'கைவிடுவதில்லை' என்னும் அவ்வாக்கைக் கிறிஸ்தவர் அனைவருக்கும் உரியதாக்குகிறது. ஆனால் கானான் நிலத்தை அவர்களுக்குத் தரவில்லை. பொருளாசையின்றி உள்ளதைக்கொண்டு வாழுங்கள் என்றே சொல்கிறது. நிலம் அன்றைய மக்களுக்கு, உடனிருப்பு எல்லாருக்கும். கடவுளின் வாக்குறுதிகள் எல்லாம் கிறிஸ்துவில்தான் உறுதி பெறுகின்றன எனப் பவுலடியாரும் எழுதினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் இதையே கற்பிக்கிறது: நூலாசிரியர் எண்ணிய பொருளைத் தேட வேண்டும், விவிலியம் முழுவதோடும் இணைத்து வாசிக்க வேண்டும்.

வாக்குறுதியைத் தவறாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 91ஆம் திருப்பாடலைக் காட்டித்தான் அலகை நம் ஆண்டவரைக் கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னது. அவர் மறுத்துவிட்டார். தந்தையைச் சோதித்துப் பார்க்க அவர் இறைவாக்கைப் பயன்படுத்தவில்லை. அந்த அன்பு மகனே சிலுவையையும் சுமந்தார். அதனால் தந்தையின் வாக்கு தவறிவிடவில்லை, உயிர்ப்பில் நிறைவேறியது.

ஆகவே, சகோதரிகளே, அட்டையில் எழுதிய வசனத்தை அழிக்க வேண்டாம். அதற்கு முன்னுள்ள ஆறு வசனங்களையும் சேர்த்துப் படிப்போம். மதிப்பெண்ணுக்கு அது உத்தரவாதச் சீட்டு அன்று. பாபிலோனில் வீடு கட்டச் சொன்ன இறைவன், நம்மையும் நம் கடமையைச் செய்யச் சொல்கிறார். தேறாத தோழியிடம் "உன் விசுவாசம் குறைவு" என்று சொல்லாதிருப்போம். அவளருகில் அமர்ந்து, அடுத்த தேர்வுக்கு அவளுடன் சேர்ந்து படிப்போம். கடவுள் அவளைக் கைவிடவில்லை என்பதை அப்போது அவள் நம்மிடமே கண்டுகொள்வாள்.