தணிக்கைச் சுவரில் ஒரு வீட்டுக் கணினி திறக்கும் வழி

2022 செப்டம்பரில் போலீஸ் காவலில் இருந்த இளம்பெண் மஹ்சா அமினியின் மரணத்தை அடுத்து ஈரானில் போராட்டம் வெடித்தது. அரசு இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. அப்போது ஈரானியர் பலருக்கு வெளியுலகை எட்ட உதவியவை, வேறு நாடுகளில் முன்பின் தெரியாதவர்கள் திறந்துவைத்திருந்த பிரவுசர்கள். தணிக்கையைத் தாண்ட உதவும் டோர் வலையமைப்பின் ‘ஸ்னோஃப்ளேக்’ என்ற கருவிதான் அதைச் சாத்தியமாக்கியது.

டோரின் வழக்கமான நுழைவு முகவரிகள் பொதுப்பட்டியலில் இருப்பவை. பட்டியலை எடுத்து மொத்தமாக அடைத்துவிடலாம். ஸ்னோஃப்ளேக் பயன்படுத்தும் தன்னார்வலர்களின் வீட்டு இணைப்புகளை அப்படி அடைக்க முடியாது. இன்று இருக்கும், நாளை இருக்காது, முகவரியும் மாறும். போதாக்குறைக்கு, வீடியோ அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசி முறையிலேயே தரவு போகிறது. அந்த முறையையே தடுத்தால் சாதாரண வீடியோ அழைப்புகளும் சேர்ந்து நின்றுபோகும்.

நீங்களும் உதவ விரும்பினால், இதை அமைப்பது எளிது. பயர்பாக்ஸிலோ குரோமிலோ ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்து இயக்கினால் போதும். யாராவது உங்கள் வழியே இணைந்தால் ஐகான் பச்சையாகும்.

‘அவர் பார்ப்பதற்கெல்லாம் நான் பொறுப்பாவேனா?’ நியாயமான பயம்தான். ஆனால் உங்கள் கணினி மறையாக்கம் செய்யப்பட்ட தரவை டோரின் சர்வருக்குக் கைமாற்றுகிறது, அவ்வளவே. அவர் திறக்கும் இணையதளத்துக்குத் தெரிவது டோரின் கடைசிக் கணினியின் முகவரி, உங்களுடையது அல்ல.

டோரைத் தடைசெய்யும் நாட்டில் இருப்பவர்கள் இதை இயக்க வேண்டாம். மற்றவர்கள், அளவில்லா இணைப்பு இருந்தால், இன்றே இயக்குங்கள்.